நம் வீட்டில் ஓர் ஆம்ப்ளிபையர்

கைப்பேசியில் ஒரு பாட்டை வைத்து மேசைமேல் விட்டால், அறையின் மறுகோடியில் இருப்பவருக்குச் சொற்கள் கேட்கும், மிருதங்கம் கேட்பதில்லை. அதே பாட்டை ஓர் ஆம்ப்ளிபையர் வழியாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு அனுப்பினால், மிருதங்கத்தின் தொப்பி ஓசை நெஞ்சில் வந்து படுகிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்கும் கருவியை வாங்கி வருவது எளிது. அதை இணைப்பதில்தான் பலருக்கும் தயக்கம். பெட்டியின் முன்புறத்தில் ஒரு குமிழும் ஒரு சிறு விளக்குமே இருக்கும்; பின்புறத்தைத் திருப்பினாலோ சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகப் பத்துப் பன்னிரண்டு துளைகள். "அண்ணன் வரட்டும்", "கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுக்கட்டும்" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஓம் விதியைப் படித்து, கணக்குப் போட்டு, மதிப்பெண்ணும் வாங்கிய நாம் இப்படி ஒதுங்குவதற்குக் காரணமே இல்லை. அந்தப் பின்புறத்தில் வேண்டியதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு விதிதான். அங்கே செய்யும் சில தவறுகள் பாட்டைக் கெடுக்கும். ஒரு தவறு உயிரையே வாங்கிவிடும். ஆகவே வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அந்த ஒருவர் நாமாகவே இருக்கலாமே!

முதலில், ஆம்ப்ளிபையர் என்ன செய்கிறது என்பதைக் காண்போம். "சிறிய ஒலியைப் பெரிய ஒலியாக்குகிறது" என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். மாடியில் நீர் நிறைந்த தொட்டி இருக்கிறது. கீழே குழாயைத் திருகுகிறோம். திருகும் விரலின் வலிமை மிகச் சிறிது. கொட்டும் நீரின் வேகம் பெரிது. விரல் நீரைத் தரவில்லை. நீர் எவ்வளவு வரவேண்டும் என்று கட்டளை மட்டுமே இடுகிறது. ஆம்ப்ளிபையரும் அப்படித்தான். கைப்பேசியிலிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ வரும் மெல்லிய மின்துடிப்பு அந்த விரல். தொட்டி நீரோ, சுவரிலுள்ள ப்ளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம். அது டிரான்ஸ்பார்மரில் குறைக்கப்பட்டு, நேர்மின்சாரமாக்கப்பட்டு, பெரிய மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகிறது. டிரான்சிஸ்டர்கள் பாட்டின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அதைத் திறந்து மூடுகின்றன. ஆக, ஸ்பீக்கரை அசைப்பது கைப்பேசியிலிருந்து வந்த மின்சாரம் அன்று. நம் வீட்டு மின்சாரமே பாட்டின் வடிவில் வார்க்கப்பட்டுச் செல்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் எச்சரிக்கைகளுக்குக் காரணம் தானே விளங்கும்.

இந்தக் கருவிக்குச் சுவையான வரலாறு உண்டு. 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் மூன்று மின்முனைகள் கொண்ட வால்வை உருவாக்கினார். அதைச் செம்மைப்படுத்தி 1915-இல் நியூயார்க்கிற்கும் சான்பிரான்சிஸ்கோவிற்கும் இடையே தொலைபேசியில் பேச வழி செய்தனர். நெடுந்தூரம் சென்று களைத்துப்போன குரலை வழியில் ஆங்காங்கே பெருக்கி அனுப்பினார்கள். ஆனால் ஒவ்வொரு பெருக்கியும் குரலைச் சற்றுக் கோணலாக்கியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெருக்கிகளைக் கடந்தால் கோணல் பன்மடங்காகிவிடும். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹெரால்டு பிளாக் என்னும் இளைஞர் இதற்குத் தீர்வு தேடி ஆண்டுக்கணக்கில் தவித்தார். 1927 ஆகஸ்ட் 2-ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்லும்போது அவருக்கு விடை தோன்றியது. கையில் வேறு தாள் இல்லை. அன்றைய செய்தித்தாளின் ஒரு பக்கத்திலேயே வரைந்து, கணக்கும் எழுதிக் கையெழுத்திட்டார். பெருக்கி வெளியிடும் மின்துடிப்பில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து, மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை அப்போதைக்கப்போதே திருத்துவதுதான் அவர் கண்ட வழி. பாடுபவர் தம் குரலைத் தம் காதாலேயே கேட்டு, தம்புராவோடு ஒப்பிட்டுச் சுருதி சேர்த்துக்கொள்வதைப் போன்றது இது. பெருக்குவதற்கென்று உள்ள கருவியில் வேண்டுமென்றே பெருக்கத்தைக் குறைப்பதா என்று பலர் நம்பவில்லை. காப்புரிமை கிடைக்கவே 1937 ஆயிற்று. இன்று நம் வீட்டு ஆம்ப்ளிபையர்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்குள்ளும் அந்தப் படகுப் பயணத்தின் பயன் இருக்கிறது.

வால்வின் இடத்தை, 1947-இல் பிறந்த டிரான்சிஸ்டர் பிடித்துக்கொண்டது. பிறகு பல டிரான்சிஸ்டர்களை ஒன்றாக அடக்கிய சில்லுகள் வந்தன. எல்.எம். 3886 என்ற ஒரே சில்லு, சரியான மின்சாரமும் தக்க ஹீட் சிங்கும் இருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்கக்கூடியது. ஒரு நல்ல ஆம்ப்ளிபையருக்கும் இன்னொரு நல்ல ஆம்ப்ளிபையருக்கும் காதுக்குத் தெரியும் வேறுபாடு இன்று மிகக் குறைவு. நன்றாக இணைத்ததற்கும் மோசமாக இணைத்ததற்கும் உள்ள வேறுபாடோ வாசலிலேயே தெரிந்துவிடும்.

கடையில் முதலில் காதில் விழும் சொல் 'வாட்'. "இது 2000 வாட், அம்மா" என்பார்கள். உள்ளங்கையளவு ஸ்பீக்கர்களோடு வந்த சிறு செட்டுகளின்மேல் 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்துகளோடு ஆயிரக்கணக்கில் எண் அச்சிட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. அது கண் இமைக்கும் நேரத்திற்குள் தோன்றி மறையக்கூடிய ஏதோ ஓர் உச்சத்தைக் கணக்கில் எழுதியதே தவிர, இசை கேட்க உதவும் அளவு அன்று. தொடர்ந்து தரக்கூடிய திறன் எவ்வளவு, எத்தனை ஓமில் என்று கேட்க வேண்டும், 'ஆர்.எம்.எஸ்.' என்று குறிப்பது அதைத்தான். எத்தனை வாட் தேவை? சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 87 டெசிபெல் ஒலி தரும். நாம் எதிரெதிரே அமர்ந்து உரையாடுவது ஏறத்தாழ 60 டெசிபெல்தான். ஆகவே மாலையில் அமைதியாகப் பாட்டுக் கேட்கும்போது ஆம்ப்ளிபையர் 1 வாட்டைக்கூட முழுதாகச் செலவிடுவதில்லை! மிச்சமெல்லாம் தவில் முழங்கும் நொடிகளுக்கான இருப்பு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒலி இருமடங்கானதாகக் காதுக்குத் தோன்ற, வாட் இருமடங்கானால் போதாது, ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். 50 வாட்டுக்குப் பதிலாக 100 வாட் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுவதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

இனி ஓம் விதிக்கு வருவோம். ஸ்பீக்கர் பெட்டியின் பின்புறம் 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஆம்ப்ளிபையரின் பின்புறமும், அது தாங்கக்கூடிய குறைந்த அளவு எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் எண் இந்த அளவுக்குக் கீழே போகலாகாது. காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்க ஆம்ப்ளிபையர் 20 வோல்ட் தர வேண்டும். அப்போது ஓடும் மின்னோட்டம் 2.5 ஆம்பியர். குமிழை அதே இடத்தில் வைத்துவிட்டு 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், அதே 20 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர் ஓட முயலும். 4 ஓமுக்கென்று செய்யப்பட்ட கருவி அதைத் தாங்கும். அல்லாதது சூடேறி, பியூஸ் போகும் அல்லது டிரான்சிஸ்டர் போகும்.

எண் குறைவாக உள்ள பெட்டிதான் ஆம்ப்ளிபையருக்குப் பாரம் அதிகம் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். தடை குறைந்தால் ஓட்டம் கூடும் என்பதை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். வரவேற்பறையில் இரண்டு பெட்டிகள் இருக்க, சமையலறையிலும் கேட்கட்டும் என்று அதே முனைகளில் இன்னும் இரண்டைச் சேர்த்து மாட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. ஒரே முனையில் இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாக மாட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகிறது. ஒன்றன் முனையிலிருந்து மற்றதன் முனைக்குத் தொடராக மாட்டினால் 16 ஓம். கருவிக்குத் தீங்கில்லை, ஒலி மட்டும் குறையும். வகுப்பில் கரும்பலகையில் பார்த்த அதே இரண்டு படங்கள்தாம்.

ஸ்பீக்கருக்குச் செல்லும் வயரைப் பற்றி விளம்பரங்களில் என்னென்னவோ சொல்வார்கள். உண்மையில் அது சாதாரணச் செப்புக் கம்பிதான். வேண்டியது போதிய பருமன். 1 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம் தடை உண்டு. பெட்டி 10 மீட்டர் தொலைவில் இருந்தால் மின்சாரம் போகவும் வரவும் 20 மீட்டர், தடை 0.35 ஓம். 8 ஓம் பெட்டிக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 4 ஓம் பெட்டியானால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போடலாம், தடை 0.14 ஓமாகக் குறைந்துவிடும். அழைப்பு மணிக்குப் போடும் மெல்லிய வயர் மட்டும் வேண்டாம். அதில் வீணாகும் திறன் ஒருபுறமிருக்க, ஸ்பீக்கரின் கூம்பை ஆம்ப்ளிபையர் இறுகப் பிடித்து நிறுத்தும் ஆற்றலும் குறைந்து, கீழ்க்கட்டை ஓசை தொளதொளவென்று ஆகிவிடும்.

வயரின் முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவே மேலுறையைச் சீவி, இழைகளை இறுக முறுக்கிச் செருக வேண்டும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைகளுக்கு இது வெகு எளிது. ஓர் இழைகூடப் பிரிந்து பக்கத்து முனையைத் தொடலாகாது. சிவப்பும் கறுப்பும் அந்த ஓர் இழை வழியே ஒன்றுசேர்ந்தால் ஆம்ப்ளிபையருக்கு ஏறக்குறைய 0 ஓம் பாரம்! பாதுகாப்புச் சுற்று உள்ள கருவி தானே நின்றுவிடும், இல்லாதது புகையும்.

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மாட்டுவதும் அழகுக்காக அன்று. ஒரு பெட்டியில் மட்டும் மாற்றி மாட்டிவிட்டால் எதுவும் எரியாது, ஓசையும் வரும். ஆனால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தவிலும் மிருதங்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சப்பென்று ஆகும். நடுவில் நின்று பாடுவதுபோல் கேட்க வேண்டிய குரல் எங்கோ சிதறிப்போகும். பல வீடுகளில் "செட்டு சரியில்லை" என்று குறைபடுவதன் உண்மை இதுவே. வயரில் எந்தப் பக்கம் எது என்று தெரிய ஒரு பக்கத்தில் கோடோ, நிற வேறுபாடோ இருக்கும். பெட்டியின் முனைகளில் நிறம் அழிந்துபோயிருந்தால், பெட்டியை ஆம்ப்ளிபையரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் டார்ச் பாட்டரி ஒன்றை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். ஊஃபர் கூம்பு வெளியே தள்ளினால், பாட்டரியின் கூட்டல் முனை தொட்ட இடமே சிவப்பு. புதிய சிறு ஆம்ப்ளிபையர்கள் பலவற்றில் இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றாக இணைந்தவை அல்ல. ஆகவே வயரை மிச்சம் பிடிக்க எண்ணி இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே கறுப்பு வயரை இழுக்கலாகாது.

உள்ளே வரும் பக்கம் எளிது. வெள்ளை இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம். கைப்பேசியானால் ஒரு முனையில் சிறு ஊசியும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை என இரு ப்ளக்குகளும் உள்ள வயர் கடைகளில் கிடைக்கிறது. சில பவர் ஆம்ப்ளிபையர்களில் வால்யூம் குமிழே இராது. வந்ததை அப்படியே முழுதாகப் பெருக்கும். அத்தகையவற்றில் கைப்பேசியின் ஒலியை அடிமட்டத்தில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு கருவியின் ஸ்பீக்கர் முனையை இன்னொன்றின் உள்வரும் துளையில் மாட்டுவதும், இரண்டு ஆம்ப்ளிபையர்களை ஒரே ஸ்பீக்கரில் மாட்டுவதும் கூடவே கூடாது.

எல்லாம் மாட்டியாயிற்று; சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்! பாட்டு நின்றாலும் நிற்காத இந்த இரைச்சலை 'ஹம்' என்பார்கள். இதைத் தீர்க்கப் போய்த்தான் அந்த ஆபத்தான தவறு நடக்கிறது. ஆதலால் சற்று நின்று பார்ப்போம்.

முதலில், உள்ளே வரும் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். அப்போதும் இரைந்தால் குறை ஆம்ப்ளிபையருக்குள்ளேயே இருக்கிறது. பழைய மின்தேக்கிகள் வலுவிழந்திருக்கலாம். அது பழுது பார்ப்பவரின் வேலை. கழற்றியதும் நின்றுவிட்டால், ஒவ்வொன்றாக மீண்டும் மாட்டி எந்த வயர் இரைச்சலைக் கொண்டுவருகிறது என்று கண்டுபிடிக்கலாம். வயரின் மேற்பின்னல் அறுந்திருந்தால் பேரிரைச்சல் வரும். வயரை மாற்றினால் தீர்ந்தது.

எந்த வயரிலும் பழுதில்லை, ஆனால் தொலைக்காட்சியை இணைத்தால் மட்டும் இரைகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இரண்டு எர்த்துகள். ஆம்ப்ளிபையர் தன் மூன்று முனை ப்ளக்கின் வழியாக நம் வீட்டு எர்த்தோடு இணைந்திருக்கிறது. தொலைக்காட்சிக்கு வரும் கேபிளோ, மாடியிலுள்ள டிஷ் ஆன்டெனாவின் வயரோ வேறோர் இடத்தில் மண்ணைத் தொட்டிருக்கும். இரண்டு இடத்து மண்ணுக்கும் இடையே சிறிதளவு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும், நம் பாட்டு வயரின் மேற்பின்னல் வழியே 50 சுழற்சி மின்சாரம் ஓடத் தொடங்கும். ஆம்ப்ளிபையர் அதையும் பாட்டென்று எண்ணிப் பெருக்கிவிடும். கேபிளைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றியதும் இரைச்சல் நின்றால் ஐயமே இல்லை.

இதற்குப் பலர் சொல்லும் மருந்து, "மூன்றாவது பின்னை எடுத்துவிடு" என்பது. எர்த் பின்னைக் கழற்றிவிட்டாலோ, உள்ளே பச்சை வயரை வெட்டிவிட்டாலோ இரைச்சல் உடனே நின்றுவிடும் என்பது உண்மையே. பாட்டும் முன்னைவிட நன்றாகக் கேட்கும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட ஒன்றும் நேராது. அதுதான் கொடுமை! என்றோ ஒரு நாள் டிரான்ஸ்பார்மரின் உறை சூட்டில் கருகியோ, உள்ளே ஒரு வயர் பிடிப்பு விட்டோ, 230 வோல்ட் இரும்புப் பெட்டியைத் தொடும். எர்த் இருந்திருந்தால் அந்தக் கணமே பெருமின்னோட்டம் மண்ணுக்குப் பாய்ந்து பியூஸ் போயிருக்கும். "என்னவோ பழுது" என்று கடைக்குக் கொண்டுபோயிருப்போம். எர்த் இல்லையேல் எதுவும் போகாது. பாட்டும் பாடிக்கொண்டே இருக்கும். பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறி, யாராவது தொடுவதற்காகக் காத்திருக்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, குளித்த கையால் குமிழைத் திருப்புபவரின் உடல் தடை 1500 ஓம் அளவுக்குக் குறைந்துவிடலாம். 230-ஐ 1500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 150 மில்லிஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைத்து நிறுத்த இதைவிடக் குறைவே போதும். அந்த உலோகக் குமிழைத் திருப்பப் போவது பாட்டியாகவும் இருக்கலாம், தம்பியாகவும் இருக்கலாம்.

நம் நாட்டு ப்ளக்கில் எர்த் பின் மற்ற இரண்டைவிடத் தடித்தும் நீண்டும் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டு முனை ப்ளக்கோடு வரும் கருவிகளும் உண்டே என்று கேட்கலாம். அவற்றின் முதுகில் ஒரு சதுரத்திற்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருக்கும். இரட்டைக் காப்பிட்டு, எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கும்படி வடிவமைத்தவை என்று பொருள். மூன்று முனையோடு பிறந்த கருவியை நாமாக இரண்டு முனையாக்குவது வேறு.

அப்படியானால் இரைச்சலை என்ன செய்வது? தொலைக்காட்சி, ஆம்ப்ளிபையர், டிஷ் பெட்டி எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து மின்சாரம் பெறச் செய்தாலே பல வீடுகளில் பெரும்பகுதி குறைந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் பாட்டு வயரின் நடுவே மாட்டும் சிறிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் கிடைக்கிறது. துடிப்பு காந்தப்புலத்தால் தாவிச் செல்லும், எர்த்துகள் இரண்டும் தொடுவதில்லை. தொலைக்காட்சியில் ஒளி இழை வழியாக ஒலியை வெளியேற்றும் துளை இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி போன்ற அந்த இழையில் செல்வது வெளிச்சம். வெளிச்சத்திற்கு எர்த் ஏது? அதைத் திரும்ப ஒலித்துடிப்பாக மாற்ற ஒரு சிறு பெட்டி மட்டும் இடையில் வேண்டும்.

வீட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சுவரில் மூன்று துளை இருப்பதாலேயே மூன்றாவதில் வயர் வந்திருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. பழைய வீடுகளில் கிணற்றடியிலோ கொல்லையிலோ குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, குழாய் புதைத்திருப்பார்கள். கோடையில் அந்த இடம் காய்ந்துபோனால் எர்த்தும் வலுவிழக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லும் தாத்தாக்கள் அறிவியல் தெரிந்துதான் சொல்கிறார்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லலாம். பெட்டியைத் தொட்ட டெஸ்டர் எரியவில்லை என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சை மீட்டர் பலகையருகே போட்டுவிட்டால் ஆம்ப்ளிபையர் மட்டுமன்றி, குளியலறை ஹீட்டர் முதல் கிரைண்டர் வரை எல்லாவற்றுக்கும் காவல்.

ஆம்ப்ளிபையரை வைக்கும் இடத்தைப் பற்றிச் சிறிது. பழைய முறை ஆம்ப்ளிபையர்கள் வாங்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கைச் சூடாக்கியே வெளிவிடுகின்றன. மேலே ஒரு சாண் இடமாவது திறந்திருக்க வேண்டும். தையல் வகுப்பில் நாம் ஆசையாகப் பின்னிய குரோஷே விரிப்பை அதன்மேல் போர்த்துவதும், அதன்மேல் பூச்சாடி வைப்பதும் வேண்டாம். விரிப்பு காற்றை அடைக்கும், சாடி ஒரு நாள் கவிழும். டி-வகை என்று சொல்லப்படும் புதியவை அவ்வளவு சூடாவதில்லை.

ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் நாம் அமரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமைந்தால், பாடுபவர் நடுவிலும் வயலின் ஒரு பக்கத்திலும் இருப்பது கண்ணால் காண்பதுபோல் தெரியும். இந்த இருவழி ஒலிக்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளும்லீன் 1931-இலேயே காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு பெட்டிகளையும் அலமாரியின் மேல் அருகருகே அடுக்கி வைத்தால் அவர் உழைப்பு வீண். சிறு ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்கட்டும். சுவர் மூலையில் தள்ளினால் கீழ்க்கட்டை கூடும். சிலருக்கு அது பிடிக்கும், எங்களுக்கு அவ்வளவாக இல்லை.

எவ்வளவு ஒலி வைக்கலாம்? பெரியவர்களுக்கு வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். உள்காதிலுள்ள மெல்லிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிப்பவர்களும் உண்டு அல்லவா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரையறுத்திருக்கின்றன. பள்ளி, மருத்துவமனை இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்கினால், அங்கே எல்லை இன்னும் குறைவு. குமிழை முழுவதும் திருகியபின் ஓசை கரகரத்தால், ஆம்ப்ளிபையர் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறிய வேண்டும். அலைகளின் தலை வெட்டுப்பட்டு, அதனால் எழும் மிகையான மேல்சுரங்கள் முதலில் ட்வீட்டரைத்தான் எரிக்கும். சிறிய ஆம்ப்ளிபையர் பெரிய ஸ்பீக்கரை எரித்துவிடுவது இப்படித்தான்.

சுவிட்சைப் போடுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் தொலைக்காட்சியும் மற்றவையும், கடைசியில் ஆம்ப்ளிபையர். நிறுத்தும்போது ஆம்ப்ளிபையர் முதலில். மாற்றிச் செய்தால் மற்றக் கருவிகள் விழிக்கும்போது எழும் 'டொப்' என்ற அதிர்ச்சியை ஆம்ப்ளிபையர் பன்மடங்காக்கிக் கூம்பின்மேல் எறியும். எந்த வயரைக் கழற்றுவதானாலும் மாட்டுவதானாலும் ஆம்ப்ளிபையர் நின்றிருக்க வேண்டும். நிறுத்தியபின் சில கருவிகளில் பாட்டு இரண்டு மூன்று நொடிகள் தொடர்ந்து ஒலித்து மெல்ல அடங்குவதைக் கேட்கலாம். மின்தேக்கிகளில் மீந்த மின்சாரம் அது. பழைய வால்வு செட்டுகளில் இப்படி மீந்திருப்பது 300 வோல்ட்டுக்கும் மேல் இருக்கலாம். ஆகவே ப்ளக்கைக் கழற்றியிருந்தாலும் மூடியைத் திறந்து விரலை விட வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கும் முன்பே சுவரிலிருந்து ப்ளக்கைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. அதோடு தொலைக்காட்சிக்கு வரும் கேபிளையோ டிஷ் வயரையோ கழற்ற மறக்கலாகாது. மின்னலின் வேகம் மாடியிலிருந்து அந்த வயர் வழியே இறங்கி, தொலைக்காட்சியைக் கடந்து, பாட்டு வயரின் மூலமே ஆம்ப்ளிபையருக்குள் வந்துவிடும்.